அப்பாவுக்கு விழுந்த ஒரே ஓட்டு

எங்கள் அப்பாவுக்குத் தோற்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. கேரம் போர்டில் என்னிடம்கூடத் தோற்பார், தோற்றுவிட்டுச் சிரிப்பார். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு தேர்தலில் நின்றார், அதுவும் ஜெயித்தே தீருவேன் என்று நின்றார் என்றால், அதற்கு ஒரே காரணம் தமிழ் கிளாஸ் அங்கிள்தான்.

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி அவர் வீடு. அப்பா முதன்முதலில் அமெரிக்காவில் வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போனவர். அப்பா கார் ஓட்டிப் பழகியதும் அவர் காரில்தான், ஒரு தபால் பெட்டியைச் சாய்த்ததும் அவர் காரில்தான். இருவருக்கும் ஹூஸ்டன் டவுன்டவுனில் வேலை. தினமும் காலையில் அங்கிள் எங்கள் டிரைவ்வேயில் வந்து இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அப்பா வாயில் தோசையும் கழுத்தில் பாதி கட்டிய டையுமாக ஓடுவார். சாயந்திரம் வந்ததும், காரில் அண்ணன் அதைச் சொன்னார், இதைச் சொன்னார் என்று சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு ஒரு மணி நேரக் கச்சேரி நடக்கும்.

அங்கிளுக்குத் தமிழ்ப் பைத்தியம். தன் வீட்டு வாசல் எண்ணைக்கூடத் தமிழ் எண்ணில் எழுதி மாட்டி, பீட்ஸா கொண்டுவருகிறவர்களைத் தெருத்தெருவாக அலையவிட்டவர். சனிக்கிழமைகளில் எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். இங்கிலீஷில் எது கேட்டாலும் அவர் காதில் விழாது. “தமிழ்ல சொல்லு” என்பார். ஒரு பையன் ரெஸ்ட்ரூம் போக அனுமதி கேட்டான். “தமிழ்ல சொல்லு” என்றார். அவன் அதற்குத் தமிழ் யோசித்து முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நான் சனிக்கிழமை வந்தாலே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

என் வயிற்றுவலிக்கு மருந்து தேடித்தான் அப்பா, ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில், எல்லார் முன்னாலும், மைக்கைப் பிடித்துக் கேட்டுவிட்டார். “அண்ணே, பசங்களுக்குப் புரியற மாதிரி கொஞ்சம் இங்கிலீஷையும் கலந்து சொல்லிக்குடுக்கலாமே?”

“வீட்லதான் கலந்து பேசுறீங்களே. அப்புறம் கிளாஸ் எதுக்கு?” என்றார் அங்கிள். கூட்டம் சிரித்தது. அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

அவ்வளவுதான். திங்கட்கிழமை ஹாரன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு 288 ஃப்ரீவேயில் இரண்டு கார்கள், ஒவ்வொன்றிலும் ஒற்றை ஆளாக, முன்னும் பின்னுமாகப் போயின. “ஒரே எக்ஸிட்ல எறங்கி ஒரே கராஜ்ல பார்க் பண்றீங்க. பேசாம இருக்கறதுக்கு ரெண்டு கார் பெட்ரோலா?” என்று அம்மா கேட்டாள். அப்பா தன் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாப்பாட்டு மேசையில் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. சாதத்தைப் பிசைவதும் விழுங்குவதுமாக எழுந்து போய்விடுவார். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதுவரை டாக்டர்கள் கோஷ்டிக்குத்தான் ஆள்பலம். வருஷா வருஷம் செயற்குழுவின் ஐந்து இடங்களையும் அவர்களே வாரிக்கொண்டு போவார்கள். கோயம்புத்தூர்க்காரர்களும், கிறிஸ்துமஸ் விழாவுக்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த சர்ச் குடும்பங்களும் சாம்பார் வாளி தூக்குவதோடு சரி. இது அநியாயம் என்று சண்டை முற்றி, விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வந்தது. அந்தச் சொல்லைத் திக்காமல் சொல்ல முடிந்தவர் தமிழ் கிளாஸ் அங்கிள் ஒருவர்தான்.

முறை இதுதான். சீட்டில் இங்கிலீஷில் ஏழு பெயர் இருக்கும். பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். யாருக்கு ‘ஒன்று’ குறைவாக விழுந்ததோ அவர் வெளியே. அவருடைய சீட்டுகள் வீணாகாது. அதில் யாருக்கு ‘இரண்டு’ போட்டிருக்கிறதோ அவருக்குப் போய்ச் சேரும். இப்படிக் கடைசியில் ஐந்து பேர் மிஞ்சும்வரை கழிக்க வேண்டும். ஜெயித்தவர்களுக்குத் தேவைக்கு மேல் விழுந்த ஓட்டுகளையும் இதேபோல் பங்கு பிரிக்க வேண்டும் என்று இன்னொரு விதியும் உண்டாம். அந்தக் கணக்கு பொதுக்குழுவில் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. சாப்பாடு ஆறுகிறது என்று அதைக் கைகழுவிவிட்டார்கள்.

அங்கிள் வேட்பாளராகப் பெயர் கொடுத்தார். அன்று சாயந்திரமே அப்பாவும் கொடுத்தார்.

“உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?” என்றாள் அம்மா.

“அவர் நிக்கிறார்ல?” என்றார் அப்பா. அதற்கு மேல் கொள்கை விளக்கம் எதுவும் கிடையாது.

அப்பா ஜெயிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் யார் வீடு மாறினாலும் சோபாவின் ஒரு முனையில் அப்பா இருப்பார். யார் மாமியார் வந்து இறங்கினாலும் ஏர்போர்ட்டில் அப்பா நிற்பார். ஃபோன் செய்தவர்கள் எல்லாரும் “உங்களுக்கு இல்லாமலா சார்!” என்றார்கள். அப்பா கராஜில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று நன்றியுரை பேசிப் பார்த்ததை நானே ஒட்டுக் கேட்டேன்.

ஒரு ஸ்கூல் கேஃப்டீரியாவில் தேர்தல் நடந்தது. எந்தக் கோஷ்டியிலும் சேராத ஆள் வேண்டும் என்று ஒரு தெலுங்கு அங்கிளைத் தேர்தல் அதிகாரியாகப் பிடித்துவந்திருந்தார்கள். சென்னையில் படித்தவர், தமிழ் தண்ணீராகப் பேசுவார், ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அவர் யார் யாருக்கு ‘ஒன்று’ என்று பார்த்துச் சீட்டுகளை ஏழு குவியலாகப் பிரித்தார். ஆறு குவியல்கள் வளர்ந்தன. ஏழாவது இடத்தில் ஒரே ஒரு சீட்டு கிடந்தது. அது அப்பாவுக்கு விழுந்தது.

அப்பா சிரித்த முகத்தை மாற்றவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து, “சார், உங்களுக்கு ரெண்டு போட்டேன்!” என்று தோளைத் தட்டினார்கள். “நானும் ரெண்டு!” “எங்க வீட்ல எல்லாருமே உங்களுக்கு ரெண்டு!” ஊர் மொத்தமும் அப்பாவை இரண்டாவதாக நேசித்திருந்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்தாள்.

“முதல் தடவையா ஒரு பொம்பளை நிக்கிறாங்களேன்னு அந்த ஆன்ட்டிக்கு ஒண்ணு போட்டேங்க. உங்களுக்குத்தான் ஊரே போடுமேன்னு நெனச்சேன். ஆமா, நீங்களே உங்களுக்குப் போட்டுக்கலையா?”

“சீச்சீ, தனக்குத்தானே எப்படிப் போட்டுக்கிறது?”

“ஐயோ, அப்ப அந்த ஒண்ணு யாரு போட்டது?”

அதற்குள் முன்னால் ஒரு சலசலப்பு. அப்பாவைக் கழித்தாயிற்று. அடுத்த கடைசி இடத்தில் வீட்டு புரோக்கர் அங்கிளும் தமிழ் கிளாஸ் அங்கிளும் சமமாக நின்றார்கள். ஆகவே அப்பாவின் அந்த ஒற்றைச் சீட்டு யாருக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. தெலுங்கு அங்கிள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முதல்ல கோடு மாதிரி இருந்துச்சு, ஒண்ணுன்னு வெச்சுட்டேன். இப்பப் பார்த்தா என்னமோ கொக்கி போட்டிருக்கு. தமிழ் எழுத்தா இது?”

வீட்டு புரோக்கர் அங்கிள் எட்டிப் பார்த்தார். “உங்க பேருக்கு நேரா ‘க’ இருக்கு சார்” என்று அப்பாவிடம் சொன்னார். “தமிழ் கிளாஸ் அண்ணன் பேருக்கு நேரா பிள்ளையார் சுழி. யாரோ பக்தர் போலருக்கு. செல்லாத ஓட்டு, தூக்கிப் போடுங்க.”

அம்மாவின் ஓட்டை வாங்கிய ஆன்ட்டி எழுந்து வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். “அது ‘க’ இல்லைங்க, ஒண்ணு. இது பிள்ளையார் சுழியும் இல்ல, ரெண்டு. தமிழ் நம்பர். தமிழ்ச் சங்கத்துல தமிழ் நம்பர் செல்லாதுன்னு வெளிய போய்ச் சொல்லுங்களேன், வாயால சிரிக்க மாட்டாங்க.”

கேஃப்டீரியாவில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் தமிழ் கிளாஸ் அங்கிள் பக்கம் திரும்பின. அவர் சுவரில் ஒட்டியிருந்த உணவுப் பிரமிடு படத்தை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது. அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓட்டு செல்லும் என்றார்கள். சீட்டு அங்கிள் குவியலுக்குப் போயிற்று. ஒரே ஓட்டில் அவர் ஐந்தாவது ஆளாக உள்ளே வந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்பாவுக்கு உலகத்தில் விழுந்ததே ஒரு ஓட்டு, அதையும் இவர் பிடுங்கிக்கொண்டாரே! கேசரித் தட்டோடு வந்த அங்கிளை வழிமறித்தேன்.

“யூ டுக் மை டாட்ஸ் வோட்!” என்று கத்தினேன்.

“தமிழ்ல சொல்லு” என்று அவர் சொல்லவில்லை. கேசரித் தட்டை என் கையில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார். குற்றம் செய்த மனசு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேசரியை விடவில்லை.

எல்லாரும் கிளம்பிய பிறகு மேசைகளை மடக்க ஆள் இல்லை. வழக்கம்போல அப்பா ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடித்தவர் அங்கிள். இரண்டு பேரும் மேசை மேசையாகத் தூக்கினார்கள். கடைசி மேசையை இறக்கி வைத்ததும் அப்பா சொன்னார்.

“அண்ணே, உங்க கையெழுத்து இன்னும் திருந்தவே இல்ல.”

“அவசரத்துல போட்டதுப்பா.”

“இன்னொண்ணை உங்களுக்கே போட்டுக்கிட்டீங்களே, வெக்கமா இல்ல?”

“ரெண்டுதானே போட்டேன்” என்றார் அங்கிள். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு, கேரம் போர்டில் தோற்றபோது சிரிப்பதைப் போலச் சிரித்தார். வகுப்பு நோட்டுகளைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது. வாசல் எண்ணைத் தமிழில் மாட்டியிருந்த ஒரே வீட்டைத் தாண்டித்தான் தினமும் ஸ்கூல் பஸ்ஸுக்குப் போனேன். கோபித்துக்கொண்டிருந்த அந்த மனுஷர், தனக்கு முன்னால் அப்பாவை வைத்திருந்தார் என்பது பேர்லேண்டில் கைக்குழந்தைகளைத் தவிர எல்லாருக்கும் அன்றே தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் அது விளங்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை நான் பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அப்பா தோசையை வாயில் கவ்விக்கொண்டு, பாதி டையோடு, செருப்பா ஷூவா என்றுகூடப் பார்க்காமல் ஓடினார். அம்மா ஜன்னல் திரையை விலக்கி, கார் தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டே பார்த்தாள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஓட்டைத் திருடியவர் காரிலேயே ஏறிக்கொண்டு, இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு போகிறாரே, இந்த அப்பாவுக்குக் கொஞ்சங்கூட ரோஷமே கிடையாதா என்று நினைத்தேன்.