இனிஷியல் உள்ள கோழிகள்

எங்கள் பக்கத்து வீட்டு சந்தனச்செல்வி அக்காவின் கோழிகளுக்கு இனிஷியல் உண்டு. சிரிக்காதீர்கள். நானும் சிரித்துத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முத்தையாபுரத்தில் துறைமுக லாரிக்காரர்களுக்கு இட்லி அவித்துப் போடுகிறவர், சாம்பார்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டில் க. செவலை, க. கருப்பி, க. மயிலி என்று பதினொரு பெட்டைகளையும் எழுதி வைத்திருந்தார்.

"தகப்பன் பேரு தெரியாமலா நான் பிள்ளைகள வளக்கேன்?" என்று என்மேல் எகிறினார்.

க. என்றால் கலெக்டர். சந்தையில் வாங்கிய சேவல். தெருவையே தன் பேரில் பட்டா போட்டதுபோல நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். ஆமாம், நடப்பார், அவரை ஒருமையில் பேச எனக்கு வாய் வராது. இன்னொரு சேவல் பியூன். அக்காவின் நாத்தனார் வீட்டிலிருந்து வந்த நோஞ்சான், கலெக்டருக்கு நாலடி பின்னால்தான் நடப்பான். ரசத்துக்குக்கூடத் தேறமாட்டான் என்றுதான் யாரும் அவனை அடுப்பில் ஏற்றவில்லை. பெட்டைகள் பக்கம் தலையைத் திருப்பினாலே அக்கா விளக்குமாற்றைத் தூக்கிவிடுவார்.

அக்காவின் கோழிகள் சிறுவிடை. எடை ஒரு கிலோவைத் தாண்டினால் அதிசயம். ஆனால் தானே அடைகாத்து, பருந்தோடு மல்லுக்கட்டிக் குஞ்சைக் கரைசேர்க்கும் நாட்டு இனம். அவர் கணவர் வீரபாகு அண்ணாச்சியோ, "ஏளா, இது கோழியா, புறாவா?" என்று இருபது வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டுவந்தார். அசல் சிறுவிடையைத் தேடிக் காப்பாற்ற ஓர் ஆராய்ச்சிக் குழு கிளம்பியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் கோழிகள் அசல் என்று எழுத்தில் வாங்கி அண்ணாச்சி மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

குழுவிலிருந்து கால்நடை டாக்டர் அனுஜா வந்தார். நோட்டைப் பார்த்ததும், "வம்சாவளியே இருக்கே!" என்று குதித்தார். ஒவ்வொரு கோழிக்கும் இறக்கைக்கு அடியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். பியூனைப் பிடித்தபோது, "அவனுக்கு எதுக்கு? ஊசிக்குத்தான் கேடு" என்றார் அக்கா. டாக்டர் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து முடிவோடு வந்தார்.

"அக்கா, கலெக்டர் அசல் இல்லை. பண்ணைக்கோழி கலந்திருக்கு."

அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தகப்பன் கலப்பு என்றால் பதினொரு பிள்ளைகளும் கலப்புதானே. வாயைத் திறக்கப்போன அண்ணாச்சி, அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"ஆனா பெட்டை பதினொண்ணும் அசல்" என்றார் டாக்டர்.

"அதெப்படி?"

"டி.என்.ஏ. பாத்தாச்சு. ஒண்ணுக்குக்கூட கலெக்டர் அப்பா இல்லை. எல்லாத்துக்கும் பியூன்தான்."

எல்லோரும் திரும்பினோம். லாரி டயர் நிழலில் பியூன், இனி அவரையும் மரியாதையாகவே சொல்கிறேன், ஒன்றுமே நடக்காத மாதிரி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். முதலில் வெடித்தது அண்ணாச்சிதான். பிறகு அக்கா சிரித்தார் பாருங்கள், இட்லி வாங்க வந்த டிரைவர்கள்கூட காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

"அட களவாணிப் பயலே! வெளக்குமாத்தோட காவல் நின்ன என் கண்ணுலயே மண்ணத் தூவிட்டானே!"

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் கையோடு கொண்டுவந்திருந்த கூடையைத் திறந்தார். இப்படி ஓர் அசல் சேவல் கிடைப்பது அபூர்வம், எங்கள் பண்ணைக்குக் கொண்டுபோகிறோம் என்றார். அவ்வளவுதான், அக்கா ஓடிப்போய் பியூனை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"முட்டை எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க டாக்டரம்மா. பிள்ளையளுக்கு இப்பத்தான் அப்பன் யாருன்னு தெரிஞ்சிருக்கு. அதுக்குள்ள கூட்டிட்டுப் போறேங்கியளே!"