பாம்புக்காதரின் கச்சேரி

கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, இரும்பு உருளையால் தந்தியை வருடி ராகம் வாசிப்பவர் அவர். பாம்புக்கு இருப்பதுபோல் அவ்வளவு கூர்மையான காது என்று ஊரில் பாம்புக்காதர் என்றுதான் பெயர். யார் சுருதி விலகினாலும் மூக்கு விடைத்துவிடும். வாய் சும்மா இருக்குமா? எத்தனையோ பாடகிகளை மேடையிலேயே அழவைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் மனைவியிடமும், "நீ வாயத் திறக்காத, தகரத்த உரசுற மாதிரி இருக்கு" என்றார். நன்றாகப் பாடிய பெண், அத்தோடு பாட்டை விட்டாள். அவருடைய சுருதிப்பெட்டியைக் கவனிப்பதே அவள் வேலையாயிற்று.

வயதானதும் அவருக்குக் காது போயிற்று. வெளியே சொல்வாரா? உயிரே போனாலும் மாட்டார். உருளைக்காரர்களுக்கு ஒரு கள்ளவழி உண்டு. கிட்டாரின் கழுத்தில் இருக்கும் கோடுகளைப் பார்த்து உருளையை வைத்தால் ஸ்வரம் வந்துவிடும். பெட்டியின் சுருதிக்குத் தந்திகளைக் கூட்டிக் கொடுப்பவள் மனைவி. வருஷக்கணக்கில் மூச்சுவிடாமல் அவர் மானத்தைக் காத்தாள்.

அன்று மகள் முதன்முதலாக அப்பாவின் கச்சேரியில் பாடவிருந்தாள். அரங்கத்தின் பின்னறையில் அவளைப் பாடச் சொல்லி உதட்டையே பார்த்தார்.

"சகிக்கல. உங்கம்மா குரல் அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. போ, கீழ போய் உக்காரு."

ஒரு எழுத்துகூடக் காதில் விழாத மனுஷன் சொல்கிற பேச்சா இது! பெற்ற வயிறு எரியுமா, எரியாதா? மகள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அழாதடி கண்ணு. இன்னைக்குச் சந்தி சிரிக்கும் பாரு" என்றாள் அம்மா.

முதல் ராகம் பாதி போயிருக்கும். மேடையில் அவருக்குப் பின்னால் இருந்த மனைவி, பெட்டியின் குமிழைத் திருகிச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றினாள். பெட்டி ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். முன்வரிசையில் முகங்கள் கோணின. மிருதங்கக்காரர் பதறித் திரும்பினார்.

"அக்கா, பெட்டி..."

"நீங்க வாசிங்க தம்பி."

அவரும் பாம்புக்காதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். தலையைக் குனிந்துகொண்டார்.

பாம்புக்காதரோ கோடுகளை விட்டுக் கண்ணெடுக்காமல், தன் வாசிப்புக்குத் தானே தலையாட்டிக்கொண்டிருந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கீழே மகள் எழுந்து நின்று, "போதும்மா" என்று கைகூப்பினாள். அம்மா காணாதவள்போல் இருந்தாள்.

ராகம் முடிந்து நிமிர்ந்தபோது பாதி நாற்காலி காலி. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மனைவியைப் பார்த்தார். அவருக்குப் புரியும்படி அவள் உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்:

"பிரமாதம்! இன்னொன்னு வாசிங்க."

அவளைத் தவிர நம்புவதற்கு அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ராகத்தைத் தொடங்கினார்.