துண்டுக்குள் மடங்கிய மோதிர விரல்

ஓ.பி.யில் கூட்டம் ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில், ஒருவர் இன்னொருவரின் சட்டையைப் பிடித்து இழுத்தபடி என் பிசியோதெரபி அறைக்குள் வந்தார். அடிதடி கேஸ் என்று நினைத்தேன். அடி இன்னும் விழவில்லை. என் தீர்ப்புக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

சங்கரன்கோவிலில் நெடுங்காலமாக முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று நிமிர்த்தி வருகிறேன். டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்க்காத பரோட்டா மாஸ்டர்களுக்கெல்லாம் ‘டென்னிஸ் எல்போ’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் மோசடி வழக்கு என் அறைக்கு வந்தது அன்றுதான்.

சட்டையைப் பிடித்திருந்தவர் மாடசாமி. மேலநீலிதநல்லூர் பக்கம் ஆடு வளர்ப்பவர். பிடிபட்டவர் செல்லையா அண்ணாச்சி, சந்தையில் ஆட்டுத் தரகர். அந்தத் தொழிலில் விலையை வாயால் சொல்வது கிடையாது. இரண்டு கைகளையும் துண்டால் மூடிக்கொண்டு, வாங்குபவரின் உள்ளங்கையில் விரல்களை அழுத்துவார்கள். ஒரு விரலுக்கு ஓராயிரம்.

“டாக்டரம்மா, என் குட்டிக்கு நாலு விரல் காட்டுதேன்னு சொல்லிட்டு, துண்டுக்குள்ள மூணக் காட்டி வித்துட்டாரு. கேட்டா விரலு மடங்கிட்டுங்காரு. இவரு விரலு இவரு சொன்னா கேக்காதா?”

“நாலத்தான் தாயி நீட்டுனேன். மோதிர விரலு பாதியிலயே நின்னுட்டு.”

“வாங்குனவன்கிட்ட எவ்வளவு வே தின்னீரு?”

செல்லையாவின் முகம் சுருங்கிவிட்டது. “இத இவன் சந்தையில சொல்லிட்டாம்னா, இனி எங்கையில எவன் துண்டு போடுவான்?” என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில்.

கையை மூடித் திறக்கச் சொன்னேன். பாழாய்ப்போன விரல்கள் ஐந்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக விரிந்தன.

“பாத்தியளா!” என்று குதித்தார் மாடசாமி.

எனக்கும் ஒரு கணம் சந்தேகம்தான். ஆனாலும் மோதிர விரலின் அடியில், உள்ளங்கையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பயறு அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. செல்லையா துள்ளினார். இப்போது முஷ்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, சுகர் உண்டா, காலையில் விரல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். சுகர் உண்டாம். காலையில் வெந்நீரில் முக்கினால்தான் விரியுமாம்.

“இப்ப விரிங்க.”

மற்ற நான்கு விரல்களும் விரிந்தன. மோதிர விரல் குனிந்தபடியே இருந்தது.

“நடிக்காரும்மா!” மாடசாமி சட்டையை விட்டுவிட்டு அந்த விரலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். டக்கென்று சத்தம். செல்லையா போட்ட கூச்சலில் வார்டு நர்ஸ் ஓடி வந்தார்.

“ஐயையோ, ஒடிச்சிட்டனா?” மாடசாமி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“ஒடியல. இதுக்குப் பேரு ட்ரிகர் ஃபிங்கர். பாவாடை நாடாவுல முடிச்சு விழுந்தா மடிப்புக்குள்ள மாட்டிக்கிடும்லா? அதேதான். நாடாவுக்குப் பதிலா டெண்டன், விரல இழுக்குற நாரு.”

மாடசாமி கொஞ்ச நேரம் தன் விரல்களையே மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு, “இத முன்னாலயே சொல்லித் தொலைக்கதுக்கென்ன வே?” என்றார்.

“தரகனுக்கு விரல் வெளங்கலன்னு நானே தமுக்கடிக்கவா?”

மீதியை எதிரே இருந்த டீக்கடையில் பேசி முடித்துக்கொண்டார்கள்.

விரல் மடங்காமலிருக்க ஸ்ப்ளின்ட் போட்டோம், செல்லையா அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனார். ஆர்த்தோ டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போட்டார். சுகர் ஏறியது, முடிச்சு இறங்கவில்லை. கடைசியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, உள்ளங்கையில் சின்னதாகக் கீறி அடைப்பைத் திறந்துவிட்டார். அன்றைக்குத் துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தது மாடசாமிதான். “இழுத்தே சரி பண்ணிருப்பேன், விடமாட்டேன்னுட்டிய” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

கதை இத்தோடு நின்றிருந்தால் நல்லது. செய்தி சந்தை முழுக்கப் பரவி, இன்னொரு தரகர் வந்தார். “எனக்கும் அந்த டிரிக்கு ஃபிங்கர் இருக்குன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்கம்மா, அவசரம்” என்றார். கையை நீட்டச் சொன்னேன். நான் தொடுவதற்கு முன்பே “அம்மா!” என்று அலறினார். எந்த விரல் என்று கேட்டால், எது வசதி என்று என்னையே பார்த்தார்.

புதிதாக வேலைக்கு வரும் பிசியோக்களுக்கு நான் சொல்வது இதுதான். விரல் ஒரு தடவை ஒழுங்காக விரிந்ததென்று யாரையும் பொய்யராக்காதீர்கள். உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள். தொடுவதற்கு முன்பே அலறுகிறவரை, ஆர்த்தோவுக்கு அனுப்பாமல் வாசலுக்கு அனுப்புங்கள்.