முப்பத்தாறாவது சதுரம்

வலது கையின் நடுவிரலில் பித்தளைத் தொப்பி மாட்டியிருந்தது. இடது கை துணிக்கு அடியில் இருந்தது. மேலிருந்து இறங்கும் ஊசியின் முனை, அடியில் காத்திருக்கும் சுட்டுவிரலில் லேசாக உரச வேண்டும். உரசினால் மூன்று அடுக்கும் கோத்துக்கொண்டது என்று அர்த்தம். உரசாவிட்டால் ஊசி நடு அடுக்கோடு திரும்பிவிட்டது. பத்துத் தடவை துவைத்த பிறகு அந்த இடம் மட்டும் உப்பிக்கொண்டு நிற்கும். நான்கு தையல் கோத்து ஒரே இழுப்பு. இழுத்த பிறகு கட்டைவிரலால் நீவிப் பார்த்தால் நூல் துணிக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், துணி சுருங்கியிருக்கக் கூடாது. ஓர் இடத்தில் சுருங்கியது. கைகள் நின்றன. ஊசியின் காதுப் பக்கத்தால் மூன்று தையலை நெம்பி எடுத்துவிட்டு, மறுபடி கோத்தன.

“அம்மா, அது யாருக்கும் தெரியாது,” என்றாள் தீக்ஷா, ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே.

“எனக்குத் தெரியுது.”

“துவைக்கப் போறது நான். எனக்கே தெரியல.”

“அப்ப உனக்குக் கண்ணு சரியில்ல. நல்ல டாக்டரா பாத்துக் காட்டு.”

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாகக் கிளம்பிய தெருக்களில் ஒன்றில் இருக்கிறது தீக்ஷாவின் அம்மா சௌம்யாவின் வீடு. முன்னறையில் இரண்டு தையல் மெஷின். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாம் மெஷினில்தான் தைப்பாள். ஆனால் பேத்தி கவிநிலாவுக்கான இந்தப் போர்வையில் மெஷின் படவில்லை. இரண்டு வீட்டாரின் பழைய துணிகளிலிருந்தும் ஒரு சாண் சதுரங்களாக வெட்டி, ஆறுக்கு ஆறாகச் சேர்த்த மேல்பக்கம். நடுவில் அவள் கணவர் ஜினதாசனின் இரண்டு பழைய வேட்டிகள். அடியில் அவளுடைய நைந்த நூல் புடவை. பச்சைக் குழந்தையின் மேல் புதுத்துணி படக்கூடாது, பலமுறை துவைத்த துணிதான் ஆகும் என்பது அவர்கள் வழக்கம். நைந்த துணியில் மெஷின் ஓட்டினால் ஊசி துளைத்த இடமெல்லாம் கிழிசலாகிவிடும் என்பது அவள் கண்டறிந்தது.

தையலை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு நயினார் வீட்டில், தமிழ்ச் சமணக் குடும்பத்தில், பிறந்தவள். பதினாறு வயதில், டெய்லர் தைத்துக் கொடுத்த தன் ஜாக்கெட் கைக்குழியில் இறுக்கிப் பிடித்தது. ஒரு பிளேடால் அதை முழுக்கப் பிரித்து, பாகம் பாகமாகத் தரையில் பரப்பி, எந்தப் பாகம் எதோடு சேர்ந்தது என்று பார்த்து, திரும்ப அவளே தைத்தாள். நாலாவது தடவையில் இறுக்காமல் இருந்தது. அதிலிருந்து எதைக் கற்க வேண்டுமென்றாலும் முதலில் பிரிப்பாள். குரோஷா பின்னலைக்கூட ஒரு பழைய டிவி உறையை உருவி உருவித்தான் கற்றுக்கொண்டாள்.

அவள் மெஷினில் பட்டு மட்டும் ஏறாது. முப்பத்தொரு வயதில், நடைபயணமாக ஊருக்கு வந்திருந்த ஒரு சமணப் பெண்துறவியின், மாதாஜியின், முன் உட்கார்ந்து, இனிப் பட்டு கட்டுவதில்லை, பட்டு தைப்பதில்லை என்று விரதம் எடுத்தாள். கூட்டோடு வேகவைக்கிற புழுவைப் பற்றி மாதாஜி சொன்னது நாலு வார்த்தைதான். சௌம்யாவுக்கு அது போதுமாயிருந்தது. முகூர்த்த ஜாக்கெட்டெல்லாம் பட்டுதான் என்பதால் கல்யாண சீசனில் மற்ற டெய்லர்கள் கண்விழித்துத் தைக்கும்போது அவள் சும்மா இருப்பாள். பிறகு ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொளதொளவென்று பருத்திப் பேன்ட் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அது போதும் என்று இருந்துவிட்டாள். மற்றவர்கள் பட்டு கட்டினால் அவள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. விரதம் என்னுடையது, ஊருடையது இல்லை என்பாள்.

தீக்ஷா தன் விருப்பத்தில் கட்டிக்கொண்டது கீழ்பென்னாத்தூர் அறிவுச்செல்வனை. விவசாயக் குடும்பம், வேறு சமூகம். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்ததில்லை; சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கமும் வந்ததில்லை. அறிவின் அம்மா பாஞ்சாலை வந்தால் நாற்காலி நுனியில் உட்காருவாள். காபியை ஆறவைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். “வாங்க சம்மந்திம்மா, வரேன் சம்மந்திம்மா” இரண்டுக்கும் நடுவில் பேச்சு இருக்காது.

போர்வைக்குத் துணி கேட்டபோதுதான் அது கொஞ்சம் மாறியது. பாஞ்சாலை ஒரு மஞ்சள் பையில் நாலு துணி கொடுத்தனுப்பினாள். தன் கணவர் ராமதாஸின் லுங்கி, அறிவின் சின்ன வயசுச் சட்டை, ஒரு சீட்டித் துணி, அரக்கு நிறத்தில் ஒரு முழத் துண்டு. “அது எங்க அத்தையோட கல்யாணப் பொடவைம்மா. முந்தானையில வெட்டிக் குடுத்துட்டாங்க. பாப்பா மேல என் கண்ணாலப் பொடவையும் இருக்கட்டும்னாங்க,” என்றாள் தீக்ஷா.

சௌம்யா அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தாள். ஜரிகை கறுத்துப் போயிருந்தது. பளபளப்பு இருந்தது, ஆனால் மடிப்பெல்லாம் முறுக்கேறிக் கிடந்தது. தெரியாத துணி எது வந்தாலும் பட்டா என்று பார்க்க ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவாள். இருபது வருடப் பழக்கம். அன்று காட்டவில்லை. அந்தக் காலத்தில் கீழ்பென்னாத்தூரில் மண்வீட்டில் இருந்தவர்கள் கல்யாணத்துக்கு என்ன எடுத்திருப்பார்கள், ஆர்ட் சில்க் என்கிற செயற்கைப் பட்டுதான் எடுத்திருப்பார்கள் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். வெட்டினாள். முப்பத்தாறாவது சதுரமாகக் கீழ் மூலையில் வைத்துத் தைத்தாள்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடந்தது. செவ்வாய்க்கிழமை பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நுழையாது என்பதால் வியாழக்கிழமை தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக வருவதாக அறிவு வீட்டில் சொல்லியிருந்தார்கள். போர்வை திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. கொடியில் மாட்ட வளையமாக ஒரு காது வைக்கலாம் என்று, மிச்சமிருந்த அரக்குத் துணியில் விரலளவு நறுக்கினாள். செயற்கைத் துணியின் ஓரம் பிரியாமலிருக்க மெழுகுவத்தியில் காட்டுவது வழக்கம், உருகி ஒட்டிக்கொள்ளும். காட்டினாள். உருகவில்லை. முடி பொசுங்குகிற நாற்றம் அடித்தது. விரலில் எடுத்து நசுக்கினாள். கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. நிஜப் பட்டு.

சௌம்யா மெழுகுவத்தியை அணைத்தாள். பிறகு பிளேடை எடுத்தாள்.

ஜினதாசன் மத்தியானம் சாப்பிட வந்தபோது போர்வையின் மூலையில் ஓட்டை இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “தெரியாம தைச்சதுதான? தெரியாம செஞ்சதுக்கு தோஷம் கம்மி,” என்றார்.

“தெரிஞ்சுக்க வழி இருந்துது. நான் பாக்கல. அதுக்குப் பேரு தெரியாம இல்லைங்க.”

“நீயா கட்டிக்கப் போற? கொழந்தைக்கு.”

“தைச்ச கை என்னுது.”

அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. ஒரு வேளை உபவாசம் என்று வைத்துக்கொண்டாள்.

தீக்ஷாவுக்குத்தான் பதற்றம். “அத்தை கல்யாணப் பொடவைய வெட்டிக் குடுத்திருக்காங்கம்மா. அது இல்லாம போர்வை போனா, எங்க துணின்னா இவங்களுக்கு ஆகாதுன்னுதான் நெனப்பாங்க. வாய்விட்டுக் கேக்கவும் மாட்டாங்க. அப்புறம் நான்தான் அங்க இருக்கணும்.”

“தெரியுது.”

“அதே கலர்ல நூல் துணி வெச்சிடு. ஜரிகை மாதிரி ரெண்டு கோடு போட்டுட்டா அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?”

சௌம்யாவின் துணிப் பெட்டியில் அரக்கு நிறப் பருத்தி இருந்தது. வெட்டி மூலையில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. நாலடி தள்ளி நின்று பார்த்தால் அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. செவ்வாய் முழுக்க அது அங்கேயே குண்டூசியில் கிடந்தது. தெருமுனையில் கிரிவலத்துக்குப் போகிறவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. புதன்கிழமை காலையில் குண்டூசிகளை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் ஒரு வெள்ளை வேட்டித் துண்டை மட்டும் ஓரம் மடித்துத் தைத்து மூடினாள். அரக்குச் சதுரத்தை ஒரு செய்தித்தாளில் வைத்து மடித்தாள். பாஞ்சாலைக்குப் போன் செய்து, “நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வாங்க சம்மந்திம்மா, ஒரு பேச்சு இருக்குது,” என்றாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே வேன் வந்துவிட்டது. அறிவு வண்டியில் சாமான் ஏற்றப் போனான். பாஞ்சாலை வழக்கம்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முகம் இறுகியிருந்தது, பேச்சு என்றதும் ராத்திரி முழுக்க என்னென்னவோ நினைத்திருப்பாள் போல.

சௌம்யா போர்வையை அவள் முன் விரித்தாள். பாஞ்சாலையின் கண் நேராக மூலைக்குப் போனது.

“எங்கூட்டுத் துணி இன்னா ஆச்சு?”

“தைச்சிருந்தேன். பிரிச்சிட்டேன். அது பட்டு. நான் பட்டு தைக்கிறதில்லைன்னு விரதம்.”

“அது எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டனே.”

“தப்பு உங்க மேல இல்லைங்க. எந்தத் துணியா இருந்தாலும் சோதிச்சுட்டுத்தான் தைப்பேன். இதை சோதிக்கல.”

“ஏன்?”

தீக்ஷா வாசற்படியில் வந்து நின்றாள்.

“உங்க வீட்ல நெஜப் பட்டு இருக்காதுன்னு நெனச்சுட்டேன்.”

பாஞ்சாலை அவளையே பார்த்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“எங்கப்பன் ஆரணிக்கு நடந்தே போயி எடுத்தாந்தது. அந்த வருசம் மல்லாட்ட நல்லா வெளைஞ்சுது. கட்டிக்கினு நின்னப்ப எங்க மாமியாரே நம்பல. தொட்டுத் தொட்டுப் பாத்துது. முப்பது வருசம் கழிச்சு நீங்களும் நம்பல.” சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் முள் இருந்தது. “பரவால்ல. நீங்க வாயால சொன்னீங்க. எங்க மாமியாரு நம்பலன்னு கடைசி வரிக்கும் சொல்லவே இல்ல.”

“மன்னிச்சுக்கங்க சம்மந்திம்மா.”

“அத உடுங்க. இப்ப அந்தத் துணிய இன்னா பண்றது? பொடவைய வெட்டியாச்சு, திரும்ப ஒட்ட வெக்கவா முடியும்?”

சௌம்யா செய்தித்தாளைப் பிரித்து அரக்குச் சதுரத்தைக் காட்டினாள். “நான் தைக்க மாட்டேன். அதுக்காக அது போர்வையில இருக்கக் கூடாதுன்னு இல்ல. கொழந்தை ரெண்டு வீட்டுக் கொழந்தை. நீங்க தைங்க. இடம் வெச்சிருக்கேன்.”

“நானா? எனக்கு ஊசி புடிக்கத் தெரியாது. மல்லாட்ட மூட்டதான் தைச்சிருக்கேன், கோணி ஊசியில.”

“அது போதும்.”

“நல்லா இருக்காது, சொல்லிட்டேன். உங்க தையல் பக்கத்துல திருஷ்டிப் பொட்டு மாதிரி நிக்கும்.”

“நிக்கட்டும்.”

பாஞ்சாலை தரையில் இறங்கி உட்கார்ந்தாள். சௌம்யா பெரிய காதுள்ள ஊசியாகப் பார்த்து, இரட்டை நூல் கோத்துக் கொடுத்தாள். மூலையில் சதுரத்தை வைத்து, பாஞ்சாலை முதல் குத்து குத்தினாள். வேர்க்கடலை மூட்டை வாயை மூடுவதுபோல் சாய்வாக, அரை விரல் அகலத்துக்கு ஒரு தையல். நூலை முழங்கை நீளத்துக்கு இழுத்து இறுக்கினாள். துணி சுருங்கியது. சௌம்யாவின் கட்டைவிரல் தன்னையறியாமல் நீவிவிட நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது தையலில் பாஞ்சாலை நிமிர்ந்தாள். “நீங்க பாத்துக்கினே இருந்தா எனக்குக் கை ஓடல. போயி டீ போடுங்க.”

“ஓரத்த மட்டும் உள்ள மடிச்சுக்கங்க. இல்லன்னா பிரிஞ்சிடும்.”

“மூட்ட பிரிஞ்சுதுன்னு யாரும் என்னைக் கேட்டதில்ல சம்மந்திம்மா. போங்க.”

சௌம்யா அடுப்படிக்குப் போனாள். டீக்குப் பால் வைத்துவிட்டு, கதவோரம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பாஞ்சாலையின் உதடு ஒவ்வொரு குத்துக்கும் அசைந்துகொண்டிருந்தது. தீக்ஷா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை இழுத்துப் பிடித்திருந்தாள். சௌம்யா திரும்பி வந்து பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே அறிவு இரண்டு தடவை ஹாரன் அடித்தான். “அடிடா, நீயே அடிச்சிக்கினு இரு,” என்று பாஞ்சாலை உள்ளிருந்தே சொன்னாள். கடைசி முடிச்சை மூன்று தடவை போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சௌம்யா வந்து குனிந்து பார்த்தாள். சதுரம் கொஞ்சம் கோணலாக நின்றது. தையல்கள் நாலு பக்கமும் சாய்ந்து சாய்ந்து, தூரத்திலிருந்தே தெரியும்படி இருந்தன. மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

“பிரியாது,” என்றாள்.

“அதான் சொன்னனே.”

“ஒண்ணும் மாத்த வேணாம். இப்படியே இருக்கட்டும்.”

பாஞ்சாலை டீயைச் சூடாகவே குடித்தாள். ஜினதாசன் ஆபீசுக்குப் பர்மிஷன் சொல்லிவிட்டு வாசலில் நின்றார். தீக்ஷா குழந்தையோடு வேனில் ஏறி உட்கார்ந்தாள். பாஞ்சாலை போர்வையை நாலாக மடித்து எடுத்துவந்து சௌம்யாவிடம் நீட்டினாள். “உங்க கையால குடுங்க. நான் தைச்சது ஒரு மூல. மிச்சம் உங்களுது.”

சௌம்யா வாங்கினாள். அரக்குச் சதுரம் மேல்பக்கம் வரும்படி ஒரு மடிப்பை மாற்றி மடித்தாள். வேனின் கதவோரம் போய், மகளின் மடியில் போர்வையை வைத்தாள்.