ஆறு பாட்டில் உடைந்த நாள்

அவளை எல்லோரும் உடைசல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் கைபட்டு ஒரு பாட்டில்கூட உடைந்ததில்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

குளிர்பானம் நிரப்பும் தொழிற்சாலை அது. கழுவிய கண்ணாடி பாட்டில்கள் பெல்ட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து நிரப்பும் இயந்திரத்துக்குள் நுழையும் இடத்தில் அவள் நின்றாள். பாட்டில் உடைந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தி பெல்ட்டை நிறுத்துவாள். பக்கத்து பாட்டில்களை எடுத்துவிட்டு, சில்லுகளை நீரடித்துக் கழுவி, மறுபடி ஓட விடுவாள். ஒரு உடைசலுக்கு இரண்டு நிமிடம் போகும். எத்தனை மணிக்கு உடைந்தது, எவ்வளவு நேரம் நின்றது, அன்று மொத்தம் எத்தனை பாட்டில் நிரம்பியது என்று நீல அட்டை நோட்டில் எழுதுவாள். அப்படி முப்பத்தெட்டு நோட்டுகள் அவள் அலமாரியில் வரிசையாக இருந்தன. ஒருமுறை வெளியூர் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஐம்பத்திரண்டு உடைசலை முப்பது என்று எழுதச் சொன்னார் சூப்பர்வைசர். "நோட்டு இந்தாங்க சார், எழுதி கையெழுத்தும் போட்டுடுங்க" என்று பேனாவையும் சேர்த்து நீட்டினாள். அவர் அதற்கப்புறம் நோட்டுப் பக்கமே வரவில்லை.

அந்தக் கூடத்துச் சத்தத்தைச் சொல்லி மாளாது. எல்லோருக்கும் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்திருந்தார்கள். உடைசல் அக்கா இடது காதில் மட்டும் வைத்துக்கொள்வாள். பாட்டில் விரிசல் விடுகிற சத்தத்தை அவள் காதால்தான் பிடிப்பாள், அதனால் வலது காது திறந்தே இருக்கும். அதற்கு விலை இல்லாமல் போகுமா? வருடாந்திரக் காது பரிசோதனையில் வலது காது தளர்ந்திருப்பது தெரிந்தது. வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் கணவர் எதையும் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அவள் பதில் சொல்வது நாலாவது வீடு வரை கேட்டது.

மேலாளர் கூப்பிட்டு விவரமாகச் சொன்னார். அடுத்த வாரம் சத்தம் அளக்க ஆள் வருகிறார். ஒரு மனிதர் எட்டு மணி நேரத்தில் தாங்கக்கூடிய சத்தத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், அளவு அந்த நூறைத் தாண்டக் கூடாது. தாண்டினால், காது தளர்ந்தவர்கள் யாரும் பெல்ட் பக்கம் நிற்க முடியாது. அவளுக்குக் கிடங்கில் வேலை தருவார்கள்.

கிடங்கு அவளுக்குத் தெரிந்த இடம்தான். ஒரே ஜன்னல், நூற்றுக்கணக்கான அட்டைப்பெட்டி, பேச ஒரு ஆள் கிடையாது. முன்பு அங்கே இருந்தவர் ஓய்வு பெறும்போது பெட்டிகளிடம் சொல்லிக்கொண்டு போனதாகப் பேச்சு. உடைசல் அக்காவுக்கோ மனிதர் முகம் பார்க்காமல் ஒரு மணி நேரம் ஓடாது. பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் மூடி போடும் இயந்திரத்தில் நின்ற நெட்டையும் அவளும் பதினோரு வருடமாக உதட்டசைவிலும் கைஜாடையிலுமே உலகத்தைப் பேசித் தீர்த்தவர்கள்.

சத்தம் அளக்கிறவர் குறித்த நாளில் காலை ஆறே முக்காலுக்கு வந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கருவி ஒன்றை உடைசல் அக்காவின் வலது தோளில், காதுக்கு நாலு விரல் தள்ளி மாட்டினார். அதன் தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை ஒன்று இருந்தது. அதைத் தட்டக் கூடாது, ஊதக் கூடாது, துணியால் மூடக் கூடாது. என்றைக்கும்போல வேலை பார்த்தால் போதும் என்றார். நாம் பேசுவதெல்லாம் இதில் பதிவாகி மேலே போகும் என்று ஏற்கெனவே வதந்தி கிளம்பியிருந்தது. நெட்டை அதை நேராகவே கேட்டுவிட்டாள்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. எவ்வளவு சத்தம்னுதான் இதுக்குத் தெரியும். என்ன பேசினீங்கன்னு புரியாது."

"அப்ப எங்க சூப்பர்வைசர் மாதிரிதான்" என்றாள் நெட்டை.

ஏழு மணிக்கு பெல்ட் கிளம்பியதுமே உடைசல் அக்காவுக்கு விளங்கிவிட்டது. நிமிடத்துக்கு நூறு பாட்டில் ஓடும் பெல்ட்டை சூப்பர்வைசர் எண்பதுக்குக் குறைத்திருந்தார். பாட்டில்கள் இடிக்காமல், கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்திகள்போல இடைவெளி விட்டு மரியாதையாக வந்தன. தப்பித்தோம் என்று அவளுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். அளவு குறைந்தால் கிடங்கு இல்லையே.

ஒன்பது மணிவாக்கில் எங்கிருந்தோ ஒரு முனகல் கேட்டது. இயந்திரம்தான் ஏதோ செய்கிறது என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தாள். நெட்டை பாடிக்கொண்டிருந்தாள். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பதினோரு வருடமாக அந்த உதடு ஓயாமல் அசைவதைப் பார்த்து, சூப்பர்வைசரைத்தான் திட்டுகிறாள் என்று உடைசல் அக்கா நம்பியிருந்தாள். நம்பியதோடு நில்லாமல், ஆமாம் ஆமாம் என்று தலையும் ஆட்டி வந்திருக்கிறாள். இத்தனை வருடம் தன் பாட்டை ஒருத்தி ரசிப்பதாக நெட்டை நினைத்திருக்கிறாள். சிரிப்பை அடக்கமாட்டாமல் உடைசல் அக்கா குனிந்துகொண்டாள்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கருவியைக் கழற்றிப் பார்த்தவர், சராசரி எண்பத்து மூன்று புள்ளி ஆறு டெசிபல், நூற்றுக்கு எழுபத்திரண்டு என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"இன்னிக்கு வழக்கமான நாள்தானே?"

"ஆமா சார், எப்பவும்போலதான்" என்று சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்.

அதைக் காட்ட ஏதாவது பதிவு இருக்கிறதா என்று சத்தம் அளக்கிறவர் கேட்டார். உடைசல் அக்காவின் கையில் நோட்டு இருந்தது. முந்தாநாள் உடைசல் நாற்பத்து நாலு, நேற்று நாற்பத்தேழு, இன்று ஆறு. பார்த்தவுடன் யாருக்கும் தெரிந்துவிடும். நோட்டு வீட்டில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கிடங்கின் ஒற்றை ஜன்னல் அவள் கண்முன் வந்து நின்றது. அப்படிச் சொன்னால் நாளைக்கு இந்த நோட்டில் எந்த முகத்தோடு எழுதுவது என்றும் தோன்றியது.

"பெல்ட் மெதுவா ஓடுச்சு சார்" என்று சொல்லி நோட்டைக் கொடுத்தாள்.

மறுநாள் மறுபடி அளப்பதென்று முடிவாயிற்று. அவள் வீட்டுக்குப் போய் நடந்ததைக் கணவரிடம் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை ரகசியமாகத்தான் சொன்னாள். காலையில் பேருந்து நிறுத்தத்தில் நாலாவது வீட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கிடங்கில் வெயில் அடிக்காது, நிம்மதி என்று ஆறுதல் சொன்னாள்.

அன்று பெல்ட் நூறில் ஓடியது. உடைசல் நாற்பத்தேழு. கருவி காட்டியது தொண்ணூற்று இரண்டு புள்ளி நாலு. நூறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்நூற்று ஐம்பத்து மூன்று. ஐந்தரை நாளில் கேட்க வேண்டியதை ஒரே நாளில் அவள் காதில் கொட்டியிருந்தார்கள். திரும்பும் பேருந்தில் மனம் கேட்காமல் நோட்டைப் புரட்டினாள். இரண்டு நாள் பக்கங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தவள், தான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவற விட்டாள்.

அடுத்த நாள் மேலாளர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். மேலாளர் வருத்தத்தோடுதான் கிடங்குப் பேச்சை எடுத்தார்.

"சார், ஒரு கணக்கு சொல்லட்டுமா?" என்றாள் உடைசல் அக்கா. "நேத்து வேகமா ஓடினப்ப முப்பத்து நாலாயிரத்து அறுபது பாட்டில் நிரம்பிச்சு. முந்தாநாள் மெதுவா ஓடினப்ப முப்பத்து மூவாயிரத்து எண்ணூத்தி இருபது. குறைஞ்சது இருநூத்தி நாப்பதுதான். ஏன்னா சாப்பாட்டு நேரம் முக்கால் மணி போக, நேத்து தொண்ணூத்து நாலு நிமிஷம் பெல்ட் நின்னே கிடந்துச்சு. முந்தாநாள் பன்னிரண்டே நிமிஷம்."

மேலாளர் நோட்டை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். நாற்பத்தொரு பாட்டில் உடையாமல் மிஞ்சியதையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இந்த வேகத்தில் ஓடினால் யாரையும் இடம் மாற்ற வேண்டியதில்லை என்று சத்தம் அளக்கிறவர் மெல்லச் சொன்னார்.

"எண்பதுல யார் வச்சது?" என்றார் மேலாளர்.

சூப்பர்வைசர் ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தான் சார். ஒரு சோதனைக்கு."

மேலாளர் எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். உடைசல் அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனால் போகட்டும், அந்த மனுஷனுக்கும் ஒரு நல்ல பெயர் வேண்டாமா?

பெல்ட் எண்பதில் நிலைத்தது. அவளும் தன் இடத்தில் நிலைத்தாள். ஆறு மாதம் கழித்து சத்தம் அளக்கிறவர் மறுபடி வந்தார். எண்பத்து இரண்டு புள்ளி எட்டு, நூற்றுக்கு அறுபது. நிமிடவாரியாக வரைந்த கோட்டைக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பத்து மணிக்கு மேல் அரைமணி நேரம் மேடு மேடாக ஏறுகிறதே என்று யோசித்தார்.

"ஏதாவது மிஷினுக்கு எண்ணெய் போடணுமோ?"

உடைசல் அக்கா எதிர்ப்பக்கம் பார்த்தாள். நெட்டை மூடிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"அது எண்ணெய்க்கு அடங்காது சார்" என்றாள் அவள்.

அன்றைய நோட்டில் குறிப்பு இப்படி இருக்கிறது: 10.04 முதல் 10.31 வரை நெட்டையின் பாட்டு. உடைசல் இல்லை. பெல்ட் நிற்கவில்லை.