வியர்த்த எவர்சில்வர் குடம்

எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் வயது தெரியும். பித்தளை பச்சை பூத்துச் சொல்லும். இரும்புச் சட்டி கருத்துத் தடித்துச் சொல்லும். மண்பானை விரிசல் விட்டுச் சொல்லும். சித்தியின் எவர்சில்வர் குடம் மட்டும் எதையும் சொல்லாது. எப்போது பார்த்தாலும் அன்றுதான் பிறந்தது போல இருக்கும். அதன் வயிற்றில் என் முகம் அகன்று, கண்கள் காதுவரை ஓடி, வாய் ஒரு கோடாகத் தெரியும். நான் நகர்ந்தால் அதுவும் நகரும். கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்வதாகத் தோன்றும். எட்டு வயதில் எனக்குப் பேய்பிசாசு பயமெல்லாம் இல்லை. அந்தக் குடத்துக்குள் இருந்த என்னைக் கண்டுதான் பயம்.

சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன பிறகும் அவர்களுடைய பட்டாளம் அவரை விடவில்லை. அல்ஜேரியாவுக்குப் போகுமுன் கடைசி விடுப்பில் வந்தவர், மதராஸில் இறங்கி அந்தக் குடத்தை வாங்கி வந்தார். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் எவர்சில்வர் குடம். கூடவே ஒரு காந்தமும் கொண்டுவந்திருந்தார். வாணலியில் வைத்தார், கப்பென்று ஒட்டிக்கொண்டது. குடத்தில் வைத்தார், வழுக்கிக் கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? இதுவும் இரும்புதான். ஆனா காந்தத்துக்கே அடையாளம் தெரியாது."

"துரு புடிக்குமா?" என்றாள் சித்தி.

"இதுக்கா? நான் செத்தாதான் இது துரு புடிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "விளக்கு வெக்கிற நேரத்துல என்னாடா பேச்சு. வாயக் கழுவு." சித்தப்பா அந்தக் குடத்துத் தண்ணீரையே எடுத்து, தெருவெல்லாம் கேட்கும்படி கொப்பளித்தார். வாய் கழுவப்பட்டது. வார்த்தை போகவில்லை.

அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். கல்யாணமான சில வருடங்களிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். வெள்ளைப் புடவை, பின்கட்டில் ஒரு பாய், சுவரைப் பார்த்து ஒரு சாப்பாடு. விசேஷ நாட்களில் அவள் எங்கே இருக்கிறாள் என்று யாரும் தேடக்கூடாது. அதை அவளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அந்த வருட மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு இறங்கின. ஊரே அலையில் நின்றது. எல்லோரும் கடல்நீரைத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். சிலர் செம்பில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சித்தி குடம் நிறையப் பிடித்தாள். சித்தப்பா திரும்பி வருகிறவரை சாமி மாடத்தின் கீழே அது இருக்க வேண்டும், வந்ததும் அவர் தலையில் ஊற்ற வேண்டும் என்று வேண்டுதல். செம்பு களிம்பேறும், பித்தளை பச்சை பிடிக்கும். இதற்கு ஒன்றும் ஆகாது என்று நம்பித்தான் அதில் பிடித்தாள். ஈரப்புடவையோடு, இடுப்பில் கடலோடு, அவள் வீடு வரைக்கும் நடந்து வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தட்டால் வாயை மூடி, மேலே ஒரு மஞ்சள் துணி கட்டினாள். பிறகு அதை யாரும் திறக்கவில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் தினமும் துடைத்தாள். கடலை உள்ளே வைத்துக்கொண்டு குடம் பளபளத்தது.

சித்திரையில் சித்தப்பாவின் கடிதம் நின்றது.

ஆடியில் ஒரு நடுப்பகல். காற்று இல்லை, காக்கை இல்லை, தெருவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. நான் குடத்துக்கு முன்னால் உட்கார்ந்து என் அகன்ற முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தின் கன்னத்தில் ஒரு துளி முளைத்தது. கீறல் இல்லை, ஓட்டை இல்லை. வழவழப்புக்கு நடுவிலிருந்து தானாக ஒரு துளி. அது பெருத்து, தயங்கி, வழிந்தது. போன வழியில் பழுப்பாக ஒரு கோடு. என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

"குடம் வேர்க்குதும்மா" என்று கத்தினேன்.

அம்மா வந்து துடைத்தாள். மறுபடி வந்தது. துடைக்காமல் விட்ட இடத்தில் மறுநாள் காலை தரையில் வெள்ளையாக உப்பு வட்டம் போட்டிருந்தது, யாரோ கோலம் போட ஆரம்பித்து நிறுத்தியது போல.

அப்பா கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுத் தூதரகமான கொன்சுலாவுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "சேதி வந்தா சொல்றோம்னாங்க."

"சேதிதான் வந்துடுச்சே, தம்பி" என்றாள் அத்தை. "தரையில பாரு."

அன்று சாயங்காலம் அத்தை பின்கட்டில் தன் பாயைச் சுவர் ஓரமாக நகர்த்தினாள். பக்கத்தில் இன்னொரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விட்டாள். அந்த வெறும் தரையைப் பெருக்கியும் வைத்தாள். தினமும் பெருக்கினாள். அதில் கொடுமை இல்லை. விருந்தாளி வருவதற்குமுன் செய்கிற ஏற்பாடு போலத்தான் செய்தாள். சித்தி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

இன்று என் சமையலறை முழுக்க எவர்சில்வர்தான். அதன் குணம் எனக்குத் தெரியும். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. கீறினால் காற்றை வாங்கித் தானே ஆற்றிக்கொள்ளும். உப்புநீரை ஊற்றி, மூடி, அசையாமல் வைத்தால் காற்றில்லாமல் அந்தத் தோல் ஆறாது. உப்பு ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து உள்ளே இறங்கும். வாய் ஊசிமுனை, வயிறு பெரிது. மற்ற இடமெல்லாம் பளபளவென்றே இருக்கும். இவ்வளவுதான். தெரிந்தும் என்ன, உப்பு ஊறுகாயை நான் இன்றும் ஜாடியில்தான் போடுகிறேன். அது பாத்திரத்தைக் காப்பாற்ற மட்டும் இல்லை.

ஒரு பகல், வைத்திக்குப்பத்து மீன்காரம்மா கூடையை இறக்கியபோது சித்தி கேட்டாள்: "படகு ஒழுகுனா என்னா வெப்பீங்க?"

"குங்கிலியத்த எண்ணெயில காய்ச்சி அப்புவோம். ஏந்தாயி, ஊட்டுலயே படகு வுடப் போறியா?"

"ஆமா, அல்ஜேரிக்கு."

"போ போ. போற வழியில எங்காளு வலைய எங்க தொலைச்சான்னும் பாத்துட்டு வா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் மீன்காரம்மா தொன்னையில் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தாள். சித்தி அதை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எவ்ளோ நாளு தாங்கும்?" என்றாள்.

"அடுத்த மாசி வரைக்கும் தாங்கும். அப்புறம் ஒழுகத்தான் செய்யும்."

"அது போதும்."

அம்மாவும் அத்தையும் கோயிலுக்குப் போன நேரத்தில் சித்தி மஞ்சள் துணியை அவிழ்த்தாள். தட்டை எடுத்ததும் வந்த வாசனை கடலுடையது இல்லை. ரத்தம் வந்த விரலை வாயில் வைத்தால் வருமே, அது. கடலைக் கிணற்றடியில் கொட்டினாள். குடத்தைச் சாய்த்து வெயிலுக்குக் காட்டி, "பாரு பாப்பா" என்றாள். உள்ளே அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றில் மட்டும் பொட்டு வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் மேல் குங்கிலியத்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்; மூச்சடைக்க வைக்கிறவள் போல, விடாமல், வெகுநேரம். பிறகு கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மூடி, அதே துணியைக் கட்டினாள்.

"சித்தப்பாவுக்கு இனிமே ஒண்ணும் ஆகாதில்ல, சித்தி?"

அவள் என் வாயைப் பொத்தினாள். கையில் மீனும் பிசினும் மணத்தன.

"பாருங்க அண்ணி, நின்னுடுச்சி" என்று அத்தையிடம் காட்டினாள். அத்தை குனிந்து, தரையைத் தடவி, விரலை நக்கிப் பார்த்தாள். உப்பு இல்லை. போய்ப் பாயைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு சித்தியை யாராலும் பிடிக்க முடியவில்லை. தினமும் பூ வாங்கினாள். கண்ணாடி வளையல் கைநிறைய அடுக்கினாள். தெருவில் எந்த வளைகாப்பு, எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் வரிசையில் நின்றாள். ஆரத்தித் தட்டை மற்றவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "புருசன் கடிதாசியே காணோமாம், இவளுக்கு வந்த மினுக்கப் பாரு" என்றார்கள். மஞ்சளை அரைத்து அரைத்து அவள் கழுத்தே நிறம் மாறியிருந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க உற்சாகமாக இருந்தது. குடம் அடைபட்டது, சித்தப்பா பிழைத்துக்கொண்டார், அதனால்தான் சித்தி இப்படி மினுங்குகிறாள்.

தை முடிகிற சமயம், காலையில், கொன்சுலாவிலிருந்து ஒருவர் வந்தார். தொப்பியைக் கழற்றி இரண்டு கைகளாலும் வயிற்றோடு பிடித்திருந்தார். அவரைப் பார்த்து எழுந்து நின்ற அப்பா மறுபடி உட்காரவே இல்லை. "மதாம்…" என்று அவர் சித்தியைப் பார்த்து ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இருங்க, முசே" என்றாள் சித்தி.

உள்ளே வந்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலையைப் பிரித்தாள். அவசரமே இல்லை. சிக்கெடுத்து, எண்ணெய் தொட்டு, அடியிலிருந்து நுனிவரை பின்னினாள். முகம் கழுவிப் பொட்டை வட்டம் கலையாமல் வைத்தாள். முகூர்த்தப் புடவையை எடுத்துக் கட்டினாள். கதவோரம் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பாப்பா, இந்த நுனியப் புடி" என்று பூச்சரத்தை நீட்டினாள் சித்தி.

சித்தப்பா வரப்போகிறார், அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார் இந்த முசே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரம் நழுவாமல் இறுக்கிப் பிடித்துக் கொடுத்தேன்.

அவள் வெளியே போய், அவருக்கு எதிரே நிமிர்ந்து நின்றாள்.

"இப்ப சொல்லுங்க."