ஒன்பதாம் பாகத்துக்காக மூடப்பட்ட வீடு

இரண்டு வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை. வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் நிரோஷா போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அப்பா, நம்ம குன்றை மூடப் போறாங்களாம்பா!”

என் கையில் இருந்த துணி கீழே விழுந்தது.

ஒரு போன் கேமுக்கா இப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள், பிள்ளைகளே. சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாரம் எனக்குக் கோபம் — அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த கேமின் ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையாது. ‘குட்டிக்குன்று’ என்று நானே ஒரு பெயர் வைத்திருந்தேன். ஒரு சின்ன மலை. அதில் வீடு கட்டலாம், காய்கறி போடலாம். வேறு நாட்டில் இருப்பவரும் அதே குன்றுக்கு வந்து பக்கத்தில் நின்று வேலை செய்யலாம், பேசலாம். சண்டை இல்லை. துப்பாக்கி இல்லை. ஆரம்பத்தில் நானும் திட்டினேன்தான் — “படிக்கிற பிள்ளைக்கு என்ன கேம்?” என்று. பிறகு வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால், அந்தக் குன்றில் நிரோஷாவோடு சேர்ந்து வீடு கட்டியது அவளுடைய அம்மா.

என் மனைவி ராஜி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள் என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம்தான் போன் அவள் கையில் இருக்கும். மற்ற நாளெல்லாம் அது வீட்டுக்கார அம்மாவின் அலுமாரிக்குள்.

முன்பு அந்த ஒரு மணித்தியாலமும் எப்படிப் போகும் தெரியுமா? “சாப்பிட்டியா?” “ம்.” “படிச்சியா?” “ம்.” அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேச ஒன்றும் கிடைக்காமல் அழுதுவிடுவார்கள்.

குட்டிக்குன்று வந்த பிறகு கதை மாறிவிட்டது. மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்கள்தானே? கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு ஊரையே அளக்கும். எங்கள் வீட்டுப் பேச்சும் அப்படித்தான். கையில் வேலை இருந்தால்தான் வாயில் பேச்சு வரும். அம்மாவும் மகளும் குன்றில் நின்று லீக்ஸ் நட்டார்கள், போஞ்சிக் கொடிக்குக் கம்பு ஊன்றினார்கள். பேச்சு தானாக வந்தது.

ஒரு நாள் நிரோஷா கேட்டாள்: “அம்மா, தேயிலையும் போடலாம்மா. புதுசா விட்டிருக்காங்க.”

“அடி போடி! அந்தச் செடியைப் பார்க்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் லயத்தில் பக்கத்து அறையான பக்கத்துக் காம்பிராவில் இருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

வீட்டை ராஜி தன் விருப்பப்படி கட்டினாள். முன்னால், உட்கார்ந்து பேச இஸ்தோப்புத் திண்ணை. அடுப்படி தனியாக — புகை, படுக்கிற இடத்துக்கு வராத தூரத்தில். பின்சுவரில் ஒரு ஜன்னல். நாம் குடியிருக்கிற லயத்து வரிசை அறைகளில் நம் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கும், ஜன்னல் எங்கே வைப்பது? அந்த ஜன்னலுக்காகத் தன் சம்பளத்தில் இருந்தே கேமுக்குக் காசு கட்டினாள்.

இந்த வீட்டைத்தான் மூடப்போகிறார்கள். நிரோஷா அறிவித்தலை வாசித்துத் தமிழில் சொன்னாள்: ‘எங்களோடு பயணித்ததற்கு நன்றி. நமது இனிய பயணம் நிறைவடைகிறது.’

நிறைவடைகிறதாம்! யாரைக் கேட்டு?

இன்னும் இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறு மூடுகிறார்கள். அதாவது ராஜிக்கு மிச்சம் இருப்பது இரண்டு வெள்ளிக்கிழமை.

அன்றைக்கு ஹட்டனுக்கு ஒரு ஹயர் கிடைத்தது. ஆளை இறக்கிவிட்டு நேரே ரிஸ்வானின் போன் கடைக்குப் போனேன். ரிஸ்வான் போன் திருத்துகிற தம்பி. கேம் விஷயமெல்லாம் அத்துப்படி.

“ஏன் தம்பி மூடுறாங்க? நட்டமா?”

“நட்டமெல்லாம் இல்லண்ணே. லாபம் பத்தாதாம்.”

இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நட்டம் இல்லை. லாபம் பத்தவில்லை!

ரிஸ்வான் விளக்கினான். கேமைச் செய்கிறவர் வேறு, அதை விற்பனைக்கு வெளியிடுகிற கம்பெனி வேறு. குட்டிக்குன்றைச் செய்தது ஒரு சின்னக் குழு. அது நன்றாக ஓடியதும் ஒரு பெரிய வெளியீட்டுக் கம்பெனி குழுவையே விலைக்கு வாங்கிவிட்டது. அந்தக் கம்பெனியிடம் பேர் போன ஒரு சோல்ஜர் கேம் இருக்கிறது. உலகம் முழுக்க அதற்குப் பைத்தியம். அதன் ஒன்பதாம் பாகம் வருகிறதாம்.

“அதுக்கு ஆள் காணாதுண்ணே. குன்றைச் செஞ்ச பிள்ளைங்க எல்லாரையும் அதுக்கு இழுத்துட்டாங்க. வீடும் தோட்டமும் வரைஞ்சவங்க இப்ப சோல்ஜருக்குத் தொப்பி வரையிறாங்க.”

கடைச் சுவரில் இருந்த போஸ்டரைக் காட்டினான். போன வருஷப் போஸ்டரும் பக்கத்திலேயே இருந்தது. அதே ஆள், அதே துப்பாக்கி, அதே முறைப்பு. எட்டு ஒன்பதாகியிருந்தது. தொப்பி மாறியிருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குக்கூடச் சப்பாத்து மாறும்!

“இதை ஏன்பா திரும்பத் திரும்ப வாங்குறாங்க?”

“பேருக்குத்தான். கம்பெனிக்கும் பயம்ண்ணே. பெரிய கேம் ஒண்ணு செய்ய வருஷக் கணக்காகும், காசு கொட்டணும். ஓடுமா ஓடாதான்னு தெரியாததுல எவன் போடுவான்? ஏற்கனவே ஓடுனதுலதான் போடுவான். எல்லாப் பெரிய கம்பெனியும் இப்படி பேர் போன ரெண்டு மூணு கேமைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தொங்குது.”

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காசு போடுகிறவனுக்குப் பயம் இருக்கும்தான். ஆனால் பிள்ளைகளே, மலை முழுக்க ஒரே செடியை நட்டு, அதன் விலை விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? சோல்ஜர் ஒரு பாகத்தில் சறுக்கினால் முதலில் வேலை போவது யாருக்கு? முதலாளிக்கா, தொப்பி வரைந்த பிள்ளைக்கா?

நம் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். றோட்டோரத்து மலைக்கு உரம் விழும், மருந்து விழும். உச்சி மலையைக் காடாக விட்டுவிடுவார்கள். அது கொழுந்து கொடுக்காத மலை இல்லை, ஏறிப்போகச் செலவு, அவ்வளவுதான். குட்டிக்குன்றும் ஓர் உச்சி மலை.

வீட்டுக்கு வந்ததும், தோட்டத்தில் ஓர் அநியாயம் நடந்தால் யாரிடம் போவோமோ அவரிடமே போனேன். முத்தையா தலைவர். நம் தோட்டத்துச் சங்கத் தலைவர். போன் கேம் என்று தெளிவாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“போன்ல இருந்தா என்னப்பா? ராஜி காசு குடுத்து ஜன்னல் வச்சிருக்குல்ல?”

“ஆமாங்க தலைவரே.”

“குடியிருக்கிற ஆளை எழும்பச் சொன்னா மாத்து இடம் காட்டணும். மண்சரிவுக்கு நம்மள எழும்பச் சொன்னப்பவும் அதத்தானே கேட்டோம்? மாத்து இடம் எங்கன்னு எழுதிக் கேளு.”

கூட வந்திருந்த நிரோஷா அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதினாள். வீட்டில் யார் யார் இருக்கிறோம், அம்மா எங்கே இருக்கிறார், வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கு என்ன — எல்லாவற்றையும் எழுதினாள். அனுப்பி, தேத்தண்ணிக் கோப்பையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. இயந்திரம் போட்ட பதில். நன்றியாம். எங்கள் மனசு அவர்களுக்குப் புரிகிறதாம். ஆறுதலுக்கு, சோல்ஜர் ஒன்பதாம் பாகத்தை விலைக் கழிவில் தருகிறார்களாம்!

“அப்பா... இதுல பதினெட்டு வயசுன்னு போட்டிருக்கு. எனக்குப் பன்னெண்டுதானே?”

தலைவர் போனை வாங்கித் துப்பாக்கிக்காரனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மாத்து இடம் காட்டிட்டான்யா. யுத்தத்துக்குப் போகச் சொல்றான்.”

அடுத்தது என்ன? நமக்குத் தெரிந்த அடுத்தது ஒன்றுதான். ஸ்ட்ரைக்! தோட்டத்தில் அந்த கேம் விளையாடுகிற பிள்ளைகளையெல்லாம் தலைவர் கூப்பிட்டார். “ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. இறங்கி வர்றானா இல்லையான்னு பார்ப்போம்!” பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். நிரோஷா மட்டும் தட்டவில்லை.

“அப்பா, வெள்ளிக்கிழமை?”

“ஸ்ட்ரைக்னா எல்லாருக்கும்தான்டா. அம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

எப்படிச் சொல்வது? போன் அலுமாரிக்குள் அல்லவா இருக்கிறது! மெசேஜ் போட்டுவைத்தேன். வெள்ளிக்கிழமை போன் கைக்கு வந்ததும் ராஜி மெசேஜைப் பார்க்கவில்லை. எப்போதும்போல நேரே குன்றுக்குப் போயிருக்கிறாள்.

அழைப்பு வந்தபோது அவளுடைய ஒரு மணித்தியாலம் முடிகிற நேரம்.

“ஏங்க, நிரோவுக்குக் காய்ச்சலா?”

“இல்லையே.”

“அப்ப ஏங்க வரல? நான் வாசல்லயே நிக்கிறேன். போஞ்சிக்குத் தண்ணி ஊத்திட்டேன். ரெண்டு தடவை சுத்தி வந்துட்டேன். ஒருத்தரும் இல்ல...”

குன்றை மூடப்போவதையும், அதற்காக ஸ்ட்ரைக் என்றும் சொன்னேன். தலைவர் சொன்னதையும் சொன்னேன். 

“நாம கொழுந்து எடுக்கலன்னா கம்பெனிக்கு நட்டம், சரி. அவங்கதான் மூடணும்னே நிக்கிறாங்க. நாம போகலன்னா அவங்களுக்கு வேலை மிச்சம்தானேங்க? நீங்க யாருக்கு எதிராங்க ஸ்ட்ரைக் பண்ணீங்க?”

அந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மாவின் குரல் கேட்டது. போன் அலுமாரிக்குப் போய்விட்டது.

இருந்த இரண்டு வெள்ளிக்கிழமையில் ஒன்றை நானே தின்றுவிட்டேன். நிரோஷா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ‘நான் அப்பவே கேட்டேன்ல?’ என்று ஒரு பார்வை... அவ்வளவுதான்.

நம் கையில் இருந்த ஒரே ஆயுதம், வேலையை நிறுத்துவது. வேலை செய்கிறவனின் கை தேவைப்படுகிற முதலாளியிடம் அது பலிக்கும். நம்முடைய கையே தேவையில்லை, நாளைக்கு வேறு கூட்டம் வரும் என்கிறவனிடம் எதை நிறுத்துவது? விளையாடினாலும் அவனுக்குக் கவலை இல்லை, விளையாடாவிட்டாலும் கவலை இல்லை. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது அப்போதுதான்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் நீளமாக ஏதோ எழுதிக் காட்டி, கீழே ‘சம்மதம்’ என்று ஒரு பட்டன் வருமே? யார் அதை வாசிக்கிறோம்? ரிஸ்வான் வாசித்துக் காட்டினான். நீங்கள் வாங்கிய எதுவும் உங்களுக்குச் சொந்தம் இல்லையாம். கம்பெனி விரும்பும்வரை உள்ளே இருக்க அனுமதி மட்டும்தானாம். அட, இது நமக்குத் தெரிந்த சட்டமாச்சே! லயத்தில் பிறக்கிறோம், வளர்கிறோம், கல்யாணம் கட்டுகிறோம், கண்ணையும் மூடுகிறோம். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் தோட்டத்தை நடத்துகிற துரையைக் கேட்க வேண்டும். இருக்கிற காம்பிராதான் இப்படி என்றால், விளையாட்டுக்குக் கட்டிய வீடுமா?

விளையாடாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. பெரிய பேரைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். யாரோ நாலு பேர் சேர்ந்து ஆசையாகச் செய்த சின்ன விளையாட்டு எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்கள். நெட் இல்லாமலும் ஓடுகிறதா, கம்பெனி மூடினாலும் உங்கள் கையில் மிஞ்சுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்கிறவர்கள் கூடினால், ஒரு நாள் அவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

போன வெள்ளிக்கிழமைதான் கடைசி வெள்ளிக்கிழமை. நிரோஷா அரை மணித்தியாலம் முந்தியே குன்றில் போய் நின்றாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ராஜி வந்தாள். என்னிடம் கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அதற்கு அவளுக்கு நேரம் இல்லை.

“எல்லாத்தையும் பறிச்சிடுவோம்டி. ஒரு போஞ்சிகூட மிஞ்சக் கூடாது.”

பறித்தார்கள். பறித்துக்கொண்டே பேசினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விஞ்ஞான டீச்சரைப் போல நிரோஷா பேசிக் காட்டினாள். ராஜிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. வீட்டுக்கார அம்மாவின் கடைக்குட்டி தமிழில் “போதும்” என்று சொல்லப் பழகிவிட்டானாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேரம் முடிகிறபோது ராஜி வாசலுக்கு வந்து கதவைச் சாத்தினாள். அந்த கேமில் வீட்டைப் பூட்ட ஒரு பட்டன் இருக்கிறதாம். அதுவரை அதை யாரும் தொட்டதில்லை. ராஜி தொட்டாள்.

“ஏம்மா பூட்டுறீங்க? ஞாயித்துக்கிழமை எல்லாமே அழிஞ்சிருமே!”

“அழியட்டும்.”

“பிறகு ஏன்?”

“நம்ம கையால திறந்து விட்டுட்டுப் போகணுமா? அழிக்கிறவன் கதவை உடைச்சுக்கிட்டு வரட்டும்டி.”

இதைவிடக் காரமாக எழுத எனக்குத் தெரியாது, பிள்ளைகளே.